சுருக்கி எழுதிய புதுச்சேரி

புதுச்சேரி வரலாற்றுக்குக் குறிப்பெடுக்க உட்காருகிறவனுக்கு முதல் வரியிலேயே ஒரு கண்டம். ஊரைப் பறிகொடுத்தவனும் பி., பிடித்தவனும் பி. பிரெஞ்சுக்கு 'பிரெ', பிரிட்டிஷுக்கு 'பிரி' என்று இன்னோர் எழுத்து சேர்த்துக்கொண்டால் என்ன என்பீர்கள். ஓடுகிற கையில் கொம்பும் சுழியும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, பிடித்தார்கள், பின்வாங்கினார்கள், பின்னர், ஆனந்தரங்கப் பிள்ளையின் 'பிள்ளை' என்று அந்தப் பாடத்தின் பாதிச் சரக்கு இதே எழுத்தில்தான் தொடங்கும். படித்த பட்டமே பி.ஏ.

எழுபதுகளின் கடைசியில் லாசுப்பேட்டைப் பக்கம் வரலாறு படித்தவர்களின் பாடு இது. நோணாங்குப்பத்தில் பஸ் ஏறி, முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை தாண்டி, டவுனில் வண்டி மாறிப் போய்ச் சேர்வதற்குள் வாத்தியார் மூன்றாம் கர்நாடகப் போரில் இருப்பார். அவருக்கு நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. கதவருகே ஒரு போர் தொடங்கினால் ஜன்னலருகே உடன்படிக்கை கையெழுத்தாகிவிடும். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், கேட்டவனே எழுந்து கேட்டவரைக்கும் ஒப்பிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அதனால் யாரும் கேட்பதில்லை. மனிதர் பேச்சு நிமிடத்துக்கு 100 வார்த்தைக்கு மேல் போகும்; எழுதுகிற கை 30ஐத் தாண்டினால் பெரிது. மிச்சம் 70ஐ என்ன செய்வது என்பதற்குத்தான் அந்த மூன்று வருடமும்.

என் பெஞ்சில் இருந்தவன் எல்லாவற்றையும் முதலெழுத்தாக்கிவிடுவான். மின்னல் வேகம். வாத்தியார் மூச்சு வாங்குவதற்குள் முடித்துவிட்டுப் பேனாவை மூடிவைத்துக்கொள்வான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நோட்டைத் திறந்தால் 'பி.யிடமிருந்து பி. பா.வைப் பி.' என்று இருந்தது. விளங்காததை மனப்பாடம் செய்வது அவனுக்குப் புதிதல்ல. அப்படியே உருப்போட்டு, அப்படியே விடைத்தாளில் இறக்கிவிட்டான். ஓரத்தில் சிவப்பு மையில் வாத்தியார் கேட்டிருந்தார்: 'யார்? யாரிடமிருந்து? எதை? என்ன செய்தார்கள்?' எழுதியது நான்கு சொல், கேள்வியும் நான்கு.

நான் எழுத்தை விட்டுவிட்டுக் குறிக்குப் போனேன். பிரெஞ்சுக்காரனுக்கு மூன்று மூலைத் தொப்பி, அதாவது ஒரு முக்கோணம். பிரிட்டிஷ்காரனுக்கு அவன் கொடியில் இருக்கிற பெருக்கல் குறி. டச்சுக்காரனுக்கு வெறும் ட. கைமாறியதற்கு ஓர் அம்பு. இப்படி வைத்துக்கொண்டபின் எங்கள் ஊரின் 120 வருடச் சரித்திரம் நோட்டில் ஒன்றரை வரிக்குள் அடங்கிவிட்டது:

1693 △→ட, 1697 ட→△, 1761 △→×, 1763 ×→△, 1778 △→×, 1783 ×→△, 1793 △→×, 1814 ×→△.

பக்கத்து வீட்டுக்கு இரவல் போகிற ஏணி மாதிரி ஊர் போய்ப் போய் வந்திருக்கிறது. திரும்பி வந்த வருடங்களாக நான் குறித்தவை ஐரோப்பாவில் உடன்படிக்கை எழுதிய வருடங்கள். எழுதினார்களே தவிர, ஊரை நிஜமாகக் கையில் கொடுக்க ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டு வருடம் இழுத்தது. ரிஸ்விக் உடன்படிக்கை 1697, ஊர் வந்தது 1699. பாரிஸ் உடன்படிக்கை 1763, ஊர் வந்தது 1765. இந்த இழுபறிக்கு என்னிடம் குறி இல்லை. 1761இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்தபின் ஆங்கிலேயர் நகரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்களே, அதற்கும் அதே அம்புதான். இடித்த அம்பும் இடிக்காத அம்பும் நோட்டில் ஒரே நீளம்.

1748க்கு மட்டும் அம்பு தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் அட்மிரல் பாஸ்கவன் பெரும் படையோடு வந்து, நேரே புதுச்சேரிக்குப் போகாமல் எங்களுக்குப் பக்கத்து ஊரான அரியாங்குப்பத்துச் சிறு கோட்டையில் வந்து சிக்கிக்கொண்டார். வெடிமருந்துக் கிடங்கு வெடித்து பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைக் காலிசெய்த பிறகுதான் அது அவர் கைக்கு வந்தது. அதற்குள் பொழுது போய்விட்டது. மழைக்காலம் நெருங்க, புதுச்சேரியைப் பிடிக்காமலே முற்றுகையைத் தூக்கிக்கொண்டு போனார். வாத்தியார் வாயிலிருந்து அரியாங்குப்பம் என்ற பெயர் வந்த அன்று, கடலூர் ரோட்டு பஸ்ஸில் வருகிற நாங்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு பத்தியை மட்டும் நான் சுருக்காமல் எழுதி வைத்தேன்.

குறி வைத்து எழுதுவது சோம்பேறி மாணவன் புத்தி என்று நினைக்க வேண்டாம். கணக்கில் போடுகிற சமன் குறியே அப்படிப் பிறந்ததுதான். 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ்காரர், 'சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப்போய், இரண்டு இணைகோடுகளைப் போட்டு வைத்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் வேறேது என்பது அவர் சமாதானம். ஆகவே என்பதற்கு மூன்று புள்ளி (∴) போடுவதும் 1659இலேயே அச்சேறிவிட்டது. அந்த மூன்று புள்ளி எனக்குப் பெரிய உபகாரம். 'இதன் விளைவாக', 'இக்காரணங்களால்', 'எனவேதான்' என்று வாத்தியார் எத்தனை விதமாகச் சொன்னாலும் மூன்று புள்ளியில் வாயை அடைத்துவிடலாம்.

வம்பு முழுக்கத் தமிழில்தான். ஆங்கிலத்தில் உயிரெழுத்தைப் பிடுங்கிவிட்டால் சொல் செத்துவிடாது. கவர்ன்மெண்டை நாலு எழுத்தில் எழுதினாலும் கவர்ன்மெண்டாகவே நிற்கும். பிரெஞ்சு மாணவர்களும் 'போக்கு' என்கிற 'நிறைய'வை மூன்று மெய்யெழுத்தில் முடித்துவிடுவார்கள். நம் எழுத்தில் உயிர் மெய்யோடு ஒட்டிக்கிடக்கிறது. தனியாகப் பிடுங்க வராது. சரி, வாலை வெட்டலாம் என்றால், ஆள், காலம், உண்டு இல்லை, எல்லாம் உட்கார்ந்திருப்பது வாலில். 'தோற்.' என்று எழுதி வைத்தால் தோற்றாரா, தோற்கடித்தாரா? பிரெஞ்சு கவர்னர் டூப்ளே செய்தது எது என்று பரீட்சை ஹாலில் பூவா தலையா போட வேண்டியதுதான். 'உதவ.' என்பது உதவ வந்தார்களா, உதவவில்லையா? 1758க்கும் 1761க்கும் இடையில் லாலியின் கதையே இந்த ஒரு வாலில் தொங்குகிறது.

இதற்கான வழி நூலகத்தில் தூசி படிந்து கிடந்தது. துணைப்பாடத் தமிழுக்காகத் தொல்காப்பிய உரைப் பதிப்பு ஒன்றைப் புரட்டியபோது, பத்திக்குப் பத்தி இ-ள், எ-று, வ-று என்று வந்தது. முதலில் அச்சுப் பிழை என்றே நினைத்தேன். தமிழ் ஐயாதான் சொன்னார்: இதன் பொருள் என்பது இ-ள்; என்றவாறு என்பது எ-று; உதாரணம் காட்டுகிற வரலாறு என்பது வ-று. தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு வயிற்றை மட்டும் எடுத்துவிடுகிற வித்தை. 'நாங்க எல்லாம் வகுப்புல தூங்கினவங்க இல்லப்பா' என்றார், என்னவோ உரையாசிரியர் இளம்பூரணரோடு ஒரே பெஞ்சில் படித்தவர் மாதிரி.

அன்றைக்கே நோட்டில் பிரெஞ்சு பி-சு ஆயிற்று, பிரிட்டிஷ் பி-ஷ் ஆயிற்று. தோற்றார் தோ-ர், தோற்கடித்தார் என்பது தோ-டி-ர். உடன்படிக்கை உ-கை. பத்தி முடிகிற இடத்தில் உரையாசிரியர்களுக்கு மரியாதையாக ஓர் எ-று. 'டூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டார் எ-று.' என்று முடித்தால் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். முக்கோணமும் பெருக்கலும் பழகின கையாதலால் அவையும் போகவில்லை. ஆக, தொல்காப்பியமும் பிரெஞ்சுத் தொப்பியும் ஒரே வரியில் குடித்தனம் நடத்தின.

வீட்டில் இதை யாரும் புதுமையாகப் பார்க்கவில்லை. தாத்தாவுக்குத் தேங்காய் வியாபாரம். அவர் நீள நோட்டில் 'தை ௴ ௰௫ ௳' என்று தொடங்கும். மாதத்துக்கு ஒரு குறி, நாளுக்கு ஒரு குறி, வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹. அவர் எழுதுகிற வேகத்துக்கு எந்த வாத்தியாரும் ஈடுகொடுக்க முடியாது. வீட்டு மனைப் பத்திரத்தில் மேற்படிக்குப் போடுகிற ௸ மட்டும் வரிக்கு இரண்டு இருக்கும். ௸ மனை, ௸ எல்லை, ௸யார் என்று போய்க்கொண்டே இருந்து, எந்த மேற்படியார் வாங்கினார், எந்த மேற்படியார் விற்றார் என்று அப்பா ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்துக்கு ஓட வேண்டியிருந்தது.

ஆயாவுக்கு எழுத்தே தேவைப்படவில்லை. பால் வந்த நாளுக்கு அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு. வராத நாளுக்கு ஒரு சுழி. தண்ணீர் கலந்து வந்த நாளுக்குச் சாய்ந்த கோடு. மாசக் கடைசியில் பால்காரர் தன் கணக்கைச் சொல்ல, ஆயா சுவரைக் காட்டுவாள். சாய்ந்த கோடு என்னம்மா என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

அக்கா இன்னும் ஒரு படி மேலே. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ்ச் சுருக்கெழுத்து லோயர் முடித்தவள். 1837இல் ஐசக் பிட்மன் போட்ட பாதை அது: எழுத்தைப் பார்க்காதே, ஒலியைப் பிடி. மெலிந்த கோட்டுக்கு ஓர் ஒலி, அதே கோட்டைத் தடித்துப் போட்டால் அதன் ஜோடி ஒலி. உயிர் புள்ளியாக ஓரத்தில் நிற்கும், வேகம் வந்ததும் அதுவும் உதிர்ந்துவிடும். ஒருநாள் ராத்திரி சினிமாவுக்குப் போய்த் தாமதமாக வந்த என்னை அப்பா திட்டியதை அவள் மூலையில் உட்கார்ந்து அட்சரம் பிசகாமல் எடுத்துவிட்டாள். மறுநாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது ஏற்ற இறக்கமில்லாத அலுவலகக் குரலில் முழுவதையும் வாசித்தாள். அப்பா அதற்குப் பிறகு அவள் பென்சில் சீவுவதைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இதற்கெல்லாம் நேர் எதிர், எங்கள் தெருவில் இருந்த பிரெஞ்சுப் பென்ஷன்காரர். இந்தோசீனா வரை போய்வந்த சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய். அவர் படித்த பள்ளியில் டிக்டே என்று ஒன்று உண்டு. வாத்தியார் வாசிப்பார், ஓர் எழுத்து குறையாமல் எழுத வேண்டும். நிறுத்தற்குறியையும் வாத்தியாரே சொல்லுவார்: புவான் என்றால் முற்றுப்புள்ளி, வீர்குல் என்றால் காற்புள்ளி. என் நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்த அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. 'இது என்னா தம்பி, ஜோசியமா?' என்றார். முக்கோணம் அவர்கள் ஆட்கள் என்பதை நான் சொல்லவில்லை. பென்ஷன் வாங்குகிற மனிதர்.

அந்த நோட்டுக்கு வகுப்பில் கிராக்கி இருந்தது. ஆனால் நானில்லாமல் அது ஓடாது. எனவே பரீட்சைக்கு முன்னால் பையன்கள் சுண்ணாம்பாற்றங்கரைத் தென்னந்தோப்புக்கு வந்துவிடுவார்கள். டீயும் பொறையும் அவர்கள் செலவு. நான் குறியை விரித்து விரித்துச் சொல்ல, அவர்கள் உட்கார்ந்து முழு வாக்கியமாக எழுதிக்கொள்வார்கள். பாதியில் ஒருவன் 'டேய், மெதுவா சொல்லு' என்பான். மார்க் வந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள், குறிப்பே எடுக்காமல் கடையில் கைடு வாங்கிப் படித்தவர்கள். பள்ளியில் கோனார் நோட்ஸ் வளர்த்துவிட்ட பிள்ளைகள் கல்லூரியில் மட்டும் கஷ்டப்படுவார்களா?

சுருக்கும் ஆசை இந்த மண்ணுக்கு ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி எடுத்த இத்தாலியச் சிவப்பு மட்பாண்டத் துண்டுகளின் அடியில் குயவர் முத்திரை இருந்தது, பெயர் மட்டும், நாலைந்து எழுத்தில். அந்த முத்திரைகளை வைத்துத்தான் அவர் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்குப் பிடித்தார். அதே இத்தாலியில், அதற்குச் சற்று முன்னால், சிசரோவின் செயலாளர் டைரோ எசமானின் பேச்சைப் பிடிக்கக் குறியெழுத்து வைத்திருந்தார். 'உம்'முக்கு அவர் முறையில் வழங்கிய 7 மாதிரியான குறி அயர்லாந்தின் தெருப் பலகைகளில் இன்றும் நிற்கிறது. ஒயின் ஜாடி ஏறி வந்த கப்பலில் டைரோவின் நோட்டு ஒன்றும் வந்திருக்கக் கூடாதா என்று அந்தத் தோப்பில் உட்கார்ந்து ஏங்கியிருக்கிறேன்.

என் மகன் காலத்தில் வகுப்பறையைவிடக் கைப்பேசிக்குத்தான் சுருக்கம் வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து, தமிழில் 70. அந்த எழுபதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. 'கொக்கு' என்று அனுப்பினால் மூன்று எழுத்துக்கு ஆறு போய்விடும். பிள்ளைகள் யோசித்தார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள், அதிலும் உயிரைப் பிடுங்கினார்கள். இளம்பூரணர் வழியும் போயிற்று, தாத்தா வழியும் போயிற்று.

இப்போது பேத்தி. கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் எதையும் சுருக்குவதில்லை. போர்டைப் போட்டோ எடுக்கிறாள். வகுப்பு முழுவதையும் கைப்பேசி கேட்டு எழுத்தாக்கித் தருகிறது: 'அதாவது', 'வந்து', 'பின்னாடி பேசாதே', வாத்தியாரின் இருமல் நீங்கலாக எல்லாம். ஒரு மணி நேரப் பேச்சு இருபது பக்கத்துக்கு வருகிறது. எங்கள் ஊரை அது 'நோ நான் குப்பம்' என்று எழுதியிருந்தது. மறுப்பதா ஒப்புக்கொள்வதா என்று எனக்கே தெரியவில்லை. இருபது பக்கத்தை யார் படிப்பது? அதற்கும் வழி இருக்கிறது. அதே கைப்பேசியில் இன்னொன்று அதைப் பத்து வரியாகச் சுருக்கிக் கொடுக்கிறது. எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று வகுப்பில் உட்கார்ந்து நாங்கள் திண்டாடிய காரியத்தை இப்போது வகுப்பில் இல்லாத ஒன்று செய்கிறது.

2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்று அமெரிக்காவில் இருவர் சோதித்துப் பார்த்தார்கள். மடிக்கணினியில் அடித்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பிடித்தார்கள். கையால் எழுதியவர்கள் குறைவாகத்தான் எழுதினார்கள், ஆனால் யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளில் முந்தினார்கள். செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டு நான் பேத்தியிடம் காட்டினேன். பின்னால் வேறு சிலர் அதே சோதனையைத் திருப்பிச் செய்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதை அவள் அரை நிமிடத்தில் தேடி எடுத்துக் காட்டினாள். கைடு வாங்கியவர்கள் முன்வரிசையில் வந்த அன்றைக்கே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

தாத்தாவின் குறிகள் என்ன ஆயின என்றால், எல்லாம் அவள் கையில் இருக்கின்றன. ௳, ௴, ௵, ௸ முழுவதும் யூனிகோடில் ஏறிவிட்டன. 2019இல் பழைய பின்னக் குறிகள், அளவைக் குறிகள் என்று இன்னும் 51 எழுத்து சேர்த்தார்கள். மாகாணி, முந்திரி வரைக்கும் உலகத் தரம் வந்துவிட்டது. அவள் ௸ஐப் பார்த்துவிட்டு, 'இது என்னா ஸ்டிக்கர் தாத்தா?' என்றாள்.

போன மாதம் ஒரு விசித்திரம். பிள்ளைகள் எந்திரத்திடம் எழுதி வாங்கிவிடுகிறார்கள் என்று, இனி அசைன்மென்ட் எல்லாம் கையெழுத்தில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். தலைப்பு, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இணைப்பு வரை. 1954 அக்டோபர் 18இல் கீழூர் வாக்கெடுப்பு, நவம்பர் 1இல் கைமாற்றம், 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு. மூன்று தேதி, ஓர் அம்பு, எனக்கானால் அரை வரி. அவளுக்கு இருபது பக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கம் எழுதிவிட்டு விரலை உதறினாள். இவளுக்கு வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஒரு சந்தர்ப்பம் வந்ததே என்று நான் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

'சுருக்கி எழுதினா மார்க் கொறைப்பாங்க தாத்தா.'

'அப்போ இருபது பக்கத்தையும் எழுதப் போறியா?'

'இல்ல. என் கையெழுத்துல ஒரு பக்கம் போட்டோ எடுத்துக் குடுத்தா போதும், மிச்சத்த அதே கையெழுத்துல அதுவே எழுதிக் குடுத்துரும்.'

'ஒரு தப்புகூட இல்லாம இருந்தா கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?'

'நடுவுல அங்கங்க அடிச்சுத் திருத்தின மாதிரியும் போட்டுக் குடுக்கும். அதுக்குத் தனி பட்டன்.'